108 கட்டுப்பாட்டு அறை வேலைக்குப் போகலாமா? நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் சொல்லுங்கள்

குழித்துறைப் பையன்

எல்லோருக்கும் வணக்கம். விலங்கியல் பட்டம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். 108 வண்டியில் இ.எம்.டி. (நோயாளிக்கு முதலுதவி செய்பவர்) வேலைக்கு எழுதிப் போடலாம் என்று நினைத்திருந்தேன். கூடப் படித்தவன், சென்னையில் அழைப்பு எடுக்கிற இடத்துக்கும் ஆள் எடுப்பார்கள், அதையும் முயற்சி செய் என்கிறான். அம்மாவுக்கு இந்த இரண்டாவது யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. ரத்தம் பார்க்க வேண்டாம், ரோட்டில் பறக்க வேண்டாம், ஏ.சி.யில் உட்கார்ந்து போன் பேசினால் போதும் என்கிறாள்.

எனக்கும் கஸ்டமர் கேர் மாதிரித்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. யாராவது செய்திருக்கிறீர்களா? இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

தக்கலை அக்கா

தம்பி, நான் செய்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் அந்த நாற்காலியில் இருந்தவள். இப்போது ஊரில் இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் 108 தொடங்கியது 2008 செப்டம்பர் 15. நான் இருந்த காலத்தில் மாநிலத்தின் எந்த மூலையில் இருந்து அழைத்தாலும் மணி அடித்தது சென்னையில்தான். நாகர்கோவில் வடசேரியில் நின்றுகொண்டு கூப்பிட்டாலும் அங்கேதான் போகும். அழைப்பை எடுப்பவர் ஒருவர், வண்டியை அனுப்புபவர் இன்னொருவர். வண்டியில் இருக்கும் இ.எம்.டி.க்கு யோசனை சொல்ல ஒரு டாக்டரும் அங்கே இருப்பார். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று ஜி.பி.எஸ்.ஸில் தெரியும். இதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. முதலில் கேட்பது 'என்ன ஆச்சு' இல்லை, 'எங்கே' என்பதுதான். நோய் என்னவென்று தெரியாவிட்டாலும் இடம் தெரிந்தால் வண்டி கிளம்பிவிடும். நெஞ்சு வலி, வயது, சுகர், பிரஷர் எல்லாம் ஒப்பித்துவிட்டு இடம் சொல்லாமல் போன் கட்டானால் மாநிலத்தில் உள்ள அத்தனை வண்டிகளும் நின்ற இடத்தில்தான் நிற்கும். ஆனால் கூப்பிடுகிறவர் மனசில் ஓடுவது 'என்ன ஆச்சு' மட்டும்தான். தன் வீடு எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்த விஷயம், அதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றாது. "எங்க வீட்டுக்கு வாங்க" என்று எத்தனை பேர் சொல்வார்கள் தெரியுமா?

அதிலும் நம்ம மாவட்டம் இருக்கிறதே! மதுரைப் பக்கம் ஒரு கிராமம் என்றால் வீடுகள் ஒரே கூட்டமாக இருக்கும். நடுவில் மந்தை, ஓரத்தில் கண்மாய். ஊர் பெயர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. இங்கே களியக்காவிளையில் இருந்து தோவாளை வரை, ஊர் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு விளைக்குள்ளும் (தோட்டத்துக்குள்ளும்) ஒரு வீடு. வாழைக்கும் ரப்பருக்கும் நடுவில் ஒரு இறக்கம், அதில் கார் போகுமா என்பதே சந்தேகம். பெயர்களும் அப்படித்தான். கொல்லங்கோடு நம்ம ஊரிலும் உண்டு, பாலக்காட்டிலும் உண்டு. மாத்தூர் தமிழ்நாடு முழுக்க உண்டு. 'தொட்டிப்பாலம் மாத்தூர்' என்று சொன்னால்தான் அது நம்ம மாத்தூர்.

இன்னொன்று, 'பாலத்துல ஆக்சிடெண்ட்' என்று மார்த்தாண்டத்தில் இருந்து ஒருவர் கூப்பிடுகிறார் என்று வை. எந்தப் பாலம்? குழித்துறை ஆற்றுப் பாலமா, மார்த்தாண்டம் மேம்பாலமா? மேம்பாலம் என்றால் மேலேயா, கீழேயா? மேலே என்றால் பம்மத்தில் இருந்து வரும் பக்கமா, எதிர்ப்பக்கமா? இதைக் கேட்காமல் வண்டியை விட்டால், மேலே ஏறிய வண்டி கீழே கிடக்கிறவரைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போகும். நடுவில் திரும்ப வழி கிடையாது. இது குழித்துறைப் பையனுக்குத் தெரியும். பயிற்சிக் கையேட்டில் இருக்காது.

அருமனை டேப்பர்

அக்கா சொல்வது சரிதான். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் ரொம்ப நாளாக இருக்கிறது. ரப்பர் பால்வெட்டுக்கு நாங்கள் விடியுமுன்னே இறங்குவோம், தலையில் லைட் கட்டிக்கொண்டு. கூட வேலை செய்தவரை ஒருநாள் பாம்பு கடித்தது. நான்தான் போன் செய்தேன். பெயர் என்ன, வயது என்ன, முழிப்பு இருக்கா, மூச்சு விடுகிறாரா, எத்தனை மணிக்குக் கடித்தது என்று கேள்வி மேல் கேள்வி. வண்டி வந்தது, ஆள் பிழைத்தார், அது வேறு. ஆனால் இத்தனை கேள்வி கேட்கிற நேரத்தில் வண்டியை அனுப்பிவிட்டுக் கேட்டால் என்ன?

தக்கலை அக்கா

அண்ணே, அனுப்பிவிட்டுத்தான் கேட்கிறார்கள். நீங்கள் இடத்தைச் சொல்லி முடித்ததும் அது அனுப்புபவர் திரைக்குப் போய்விடும். உங்களோடு பேசுபவர் ஒருவர், வண்டியோடு பேசுபவர் வேறொருவர். இது வெளியே யாருக்கும் தெரியாது. அதனால்தான் எல்லோருக்கும் இந்தக் கோபம் வருகிறது. 'வண்டி கிளம்பிவிட்டது, நீங்கள் லைனில் இருங்கள்' என்று முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கூப்பிட்டவர் குரல் அப்படியே இறங்கும். நான் அதை வழக்கமாக வைத்திருந்தேன்.

முழிப்பு, மூச்சு இரண்டும் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டும் இல்லை என்றால் வண்டி வரும் வரை காத்திருக்க முடியாது. இதயம் நின்ற ஆளுக்கு நெஞ்சை அழுத்திவிடாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும். அருமனையில் இருந்து உள்ளே இருக்கிற தோட்டத்துக்கு எவ்வளவு வேகமாக வந்தாலும் வண்டிக்கு நேரம் ஆகும். அப்போது போனில் இருப்பவர்தான் சொல்லித் தர வேண்டும். கட்டிலில் இருந்து தரையில் படுக்க வையுங்கள், நெஞ்சுக்கு நடுவில் உள்ளங்கையை வையுங்கள், மேலே இன்னொரு கை, முழங்கை மடங்கக் கூடாது, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டராவது அமுங்க வேண்டும், போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வையுங்கள், என்னோடு சேர்ந்து எண்ணுங்கள். எதிரே இருப்பது பதினாறு வயதுப் பேத்தியாக இருக்கும், பக்கத்தில் பாட்டி அலறிக்கொண்டிருப்பார். 'தாத்தாவுக்கு நெஞ்செலும்பு ஒடிஞ்சிடுமே' என்று அழும். ஒடிந்தால் ஒட்டவைக்கலாம், நீ அழுத்து மக்களே என்று சொல்லணும்.

பாம்புக்கடிக்கு நேரம் கேட்பது டாக்டருக்காக. கயிறு போட்டு இறுக்காதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், நடக்க விடாதீர்கள், கடித்த காலை ஆட்டாமல் வையுங்கள் என்று சொல்வோம். பாம்பைத் தேடி அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடி வாங்குவது உண்டு, அதனால் அதையும் தடுப்போம். விஷக்கல் வைக்கிறவரிடம் ஒரு நடை போய்விட்டு வரட்டுமா என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சம் அதட்டித்தான் பதில் சொல்வேன்.

மார்த்தாண்டம் வண்டி

அக்காவுக்கு வணக்கம். நான் தனியார் ஆம்புலன்ஸ் ஓட்டி, இப்போது நான்கைந்து வண்டிகளுக்குப் போன் எடுத்து அனுப்புகிற ஆள். எங்கள் கட்டுப்பாட்டு அறை என் சட்டைப் பையில் இருக்கிறது, இரண்டு போன். அவ்வளவுதான்.

எங்களுக்கு வரும் அழைப்பில் பெரும்பங்கு ஆஸ்பத்திரியில் இருந்து ஆஸ்பத்திரிக்கு. நாகர்கோவில் ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருந்தாலும், மேற்கே இருப்பவர்களுக்குத் திருவனந்தபுரம் பழகிய இடம். களியக்காவிளை தாண்டி நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகப் போவது எங்கள் டிரைவர்களுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். நெருக்கடியான கேஸ் என்றால் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவோம். வழியில் உள்ள டிரைவர்கள், ஆட்டோக்காரர்கள் முக்குக்கு முக்கு நின்று வழி எடுத்துக் கொடுப்பார்கள். வழி விடாதவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். ஆனால் கருங்கல் சந்தை நாளில் சட்டம் வழி விடாது, ஆள்தான் விடணும்.

நான் கேட்கும் கேள்விகள் வேறு. ஆக்சிஜன் எத்தனை லிட்டரில் ஓடுகிறது? (அதை வைத்துத்தான் சிலிண்டர் போய்ச் சேரும் வரை தாங்குமா என்று கணக்குப் போடணும்.) வென்டிலேட்டர் வேண்டுமா? அந்தப் பக்கம் படுக்கை சொல்லிவிட்டார்களா? கடைசிக் கேள்விதான் முக்கியம். படுக்கை இருக்கிறதா என்று கேட்காமல் கிளம்பி, அங்கே வாசலில் நோயாளியோடு நிற்பது போல ஒரு வேதனை கிடையாது. பெயர் சொல்ல விரும்பவில்லை, ஒரு தனியார் ஆஸ்பத்திரி 'எல்லாம் பேசியாச்சு, கிளம்புங்க' என்று சொல்லி அனுப்பிவிட்டது. போய்ப் பார்த்தால் அந்தப் பக்கம் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு நானே கூப்பிட்டு, பேசுகிறவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டுதான் வண்டியை எடுக்கச் சொல்வேன்.

குழித்துறைப் பையா, இந்த வேலைக்கு ஊர் தெரியணும். ஊர் தெரிந்தவன் ஊரிலேயே இருக்கணும். சென்னைக்குப் போய் என்ன செய்யப் போகிறாய்?

கணக்குப் பார்ப்பவன்

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். 700 கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்திருக்கிற ஒரு சேலத்துக்காரருக்கு மேக்காமண்டபமும் அழகியமண்டபமும் எப்படிப் பிரிந்து தெரியும்? மாவட்டத்துக்கு ஒரு கட்டுப்பாட்டு அறை வைத்தால் முடிந்தது. நாகர்கோவிலில் பத்து உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலையும் ஆகும். எதையும் சென்னையில் வைத்தால்தான் நடக்கும் என்கிற புத்தி 1956-ல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாளில் இருந்தே

நெறியாளர்

கணக்குப் பார்ப்பவன், மீதியை நீக்கியிருக்கிறேன். இந்த உரையாடல் இழை 108 வேலையைப் பற்றியது. எல்லைப் போராட்டத்துக்குத் தனி இழை இருக்கிறது.

தக்கலை அக்கா

நீக்கியதையும் நான் படித்துவிட்டேன், பரவாயில்லை.

மாவட்ட அறை என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தல் பக்கம் ஒரு லாரி கவிழ்கிறது என்று வையுங்கள். காவல்கிணறு திருநெல்வேலி மாவட்டம். அங்கே ஒரு வண்டி சும்மா நின்றால் நாகர்கோவில் வண்டியைவிட அதுதான் முன்னே வரும். நடுவில் மாவட்ட எல்லை என்று ஒன்று இருப்பதே சென்னைத் திரையில் தடையாகத் தெரியாது. மாவட்ட அறை என்றால் ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட்டு வண்டி கேட்டுக்கொண்டிருப்பார். கோதையாறும் அப்படித்தான். கீழ்கோதையாறுக்குப் பேச்சிப்பாறை வழியாகப் போகலாம். மேல்கோதையாறு பெயரில்தான் பக்கம், சாலையில் போக வேண்டும் என்றால் அம்பாசமுத்திரம், மாஞ்சோலை வழியாக ஏறி வரணும். உள்ளூர்க்காரர் என்று நினைத்துக்கொண்டு பேச்சிப்பாறையில் இருந்து வண்டியைக் கிளப்பினால் போச்சு.

அப்புறம் ஒக்கி புயல். 2017 நவம்பர் 30 இந்த மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. ரப்பரும் கரண்டு கம்பமும் ரோட்டில் விழுந்து கிடந்தன, மின்சாரம் இல்லை, போன் இல்லை. அந்த நாளில் நாகர்கோவிலில் ஒரு அறை இருந்திருந்தால் அதுவும் மாவட்டத்தோடு சேர்ந்து இருட்டில்தான் இருந்திருக்கும். புயல் அடிக்கிற ஊரிலேயே உதவி எண்ணையும் வைக்கக் கூடாது என்பது என் கருத்து. மார்த்தாண்டம் வண்டி தம்பி ஒத்துக்கொள்ள மாட்டார், தெரியும்.

ஆனால் சேலத்துக்காரர் கேள்வி நியாயமானது. அதற்கு எங்கள் வரிசையில் நடந்த வழி, குமரிக் குரல் கேட்டதும் என் பக்கம் கை காட்டுவார்கள். சேலத்துக் கேஸ் எனக்கு வந்து முழித்தால் நான் அவர்கள் பக்கம். இதற்காகவே ஒவ்வொரு மாவட்டத்தில் இருந்தும் ஆள் அந்த அறையில் இருக்கணும். அதனால்தான் இந்தப் பையனைப் போகச் சொல்கிறேன்.

சின்னத்துறைக்காரி

கடற்கரையை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். இரயுமன்துறையில் இருந்து நீரோடி வரை எங்கள் ஊர்கள் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஆள் திரும்ப இடம் இருக்காது. அக்கா சொன்ன விளைக் கதைக்கு நேர் எதிர். இங்கே வண்டி கோயில் முன்னால் வரை வரும், அதற்கு மேல் தூக்கிக்கொண்டுதான் வரணும். ஆகவே 'வண்டி வரும் வரை வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள்' என்று சொல்லாமல், நாலு பேரையும் ஒரு நாற்காலியையும் தயாராக வைக்கச் சொன்னால் நல்லது.

இன்னொன்று டவர். எங்கள் கடைசி ஊர்களில் போன் பாதி நேரம் கேரளா டவரைத்தான் பிடிக்கும். 108 அடித்தால் எதிரே மலையாளம். அங்கேயும் 108 உண்டு, அவர்கள் எண்ணும் அதேதான். பதறிப்போய் வைத்துவிடாமல் 'தமிழ்நாடு, கன்னியாகுமரி மாவட்டம்' என்று முதலிலேயே சொல்ல எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். எங்களுக்கு மலையாளம் தெரியும், சமாளித்துக்கொள்வோம். புதிதாக வந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

கடலில் வைத்து யாருக்காவது முடியாமல் போனால் கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புப் போலீசுக்கு 1093. ஆழ்கடலில் இருந்து வயர்லெஸில் கரைக்குச் சொல்வார்கள், கரையில் இருப்பவர் 108-க்குச் சொல்வார். வள்ளம் எந்தத் துறைமுகத்துக்கு வருகிறது, எத்தனை மணிக்கு என்பதைக் கேட்டுக்கொள்ளாமல் வண்டியை முன்கூட்டியே நிறுத்தி வைத்தால், அந்த நேரம் வேறு யாருக்கோ வேண்டிய வண்டி தேங்காப்பட்டணத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

தக்கலை அக்கா

சின்னத்துறைக்காரி எழுதியதை அப்படியே அச்சடித்துப் பயிற்சி வகுப்பில் கொடுக்கலாம். கன்னியாகுமரியிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. விவேகானந்தர் பாறையில் ஒருவர் மயங்கி விழுந்தால் கூப்பிடுகிறவர் வெளியூர்க்காரர், இந்தி பேசுவார், 'ராக்' என்பார். வண்டி படகுத்துறை வரைதான் போகும். பாறையில் இருக்கும் ஊழியரிடம் சொல்லிப் படகை ஏற்பாடு செய்யச் சொல்வதும் அதே அழைப்பில் நடக்கணும். ஐயப்ப சீசனில் கார்த்திகை, மார்கழி முழுக்கத் தெலுங்கு, கன்னடம் எல்லாம் அந்த ஊரில் இருந்து வரும்.

திங்கள்சந்தை பைலட்

வண்டி ஓட்டுகிறவன் பக்கம் இருந்து இரண்டு வரி. எங்களைப் பைலட் என்பார்கள், பறக்கவெல்லாம் முடியாது.

கேஸ் வந்ததும் நாங்கள் அழைத்தவர் எண்ணுக்குப் போன் போடுவோம், கடைசி அரை கிலோமீட்டருக்கு வழி கேட்க. பத்தில் பாதி பிசி! 108-க்குச் சொல்லிவிட்டு உடனே மாமா, சித்தப்பா, கல்ஃபில் இருக்கிற அண்ணன் எல்லோருக்கும் போன் போடுகிறார்கள். நாங்கள் முக்கில் நின்று சைரனை அடித்துக்கொண்டிருப்போம். அழைப்பை முடிக்கும்போது 'இந்த எண்ணை வேறு யாருக்கும் பயன்படுத்தாதீர்கள், ஒரு ஆளை முக்குக்கு அனுப்புங்கள், ராத்திரி என்றால் வாசல் லைட்டைப் போடுங்கள்' என்று சொல்கிற ஆள் எனக்குப் பிடித்த ஆள். தம்பி, நீ அங்கே போனால் இந்த மூன்றையும் மறக்காதே.

பிறகு, நான்கு வழிச்சாலையோ பழைய ரோடோ, கிலோமீட்டர் கல்லைக் கேட்டு வாங்குங்கள். வெளியூர்க்காரருக்கு அதைவிட நல்ல விலாசம் கிடையாது.

குழித்துறைப் பையன்

இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. கஸ்டமர் கேர் என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். அக்கா, ராத்திரி தூக்கம் வருமா? அதைத்தான் அம்மா இப்போது கேட்கிறாள். சம்பளமும் சொன்னால் நல்லது.

தக்கலை அக்கா

சம்பளத்தை நேர்முகத் தேர்விலேயே கேள், நான் இருந்த காலத்துக் கணக்கு உனக்கு உதவாது. சென்னை வாடகையைக் கழித்துப் பார்த்து முடிவு செய். ராத்திரிப் பணி உறுதியாக உண்டு.

தூக்கத்தைப் பற்றி: வண்டியில் போகிறவருக்கு ஆள் பிழைத்தாரா என்று தெரியும். நமக்குத் தெரியாது. பேத்தி எண்ணிக்கொண்டே இருப்பாள், இ.எம்.டி. குரல் கேட்கும், லைன் கட். அடுத்த விநாடி அடுத்த அழைப்பு. அது பாட்டுக் கேட்க 108 அடித்த பொடியனாக இருக்கும், குடித்துவிட்டு வீட்டில் விடச் சொல்கிறவராக இருக்கும். அவரிடமும் பதமாகப் பேசணும், ஏனென்றால் குடித்த மாதிரிக் குழறுகிறவருக்குச் சில நேரம் சுகர் இறங்கியிருக்கும், அல்லது பக்கவாதம் தொடங்கியிருக்கும். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட நாலரை மணி நேரம்தான் கெடு. முகம் கோணுகிறதா, கை தூக்க முடிகிறதா, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று கேட்காமல் போனை வைக்கக் கூடாது.

முடிவு தெரியாதது சிலருக்குத் தாங்காது. வேலையை விட்டுப் போன தோழிகள் பெரும்பாலும் இதனால்தான் போனார்கள், திட்டு வாங்கியதால் இல்லை. எனக்கு எப்படியோ பழகிவிட்டது. உனக்கு எப்படி என்று நீ உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், அம்மாவிடம் அப்படியே சொல்.

பிரசவம் மட்டும் விதிவிலக்கு. குழந்தை அழுகிற சத்தம் போனிலேயே கேட்டுவிடும்.

மார்த்தாண்டம் வண்டி

சரி, அக்கா ஜெயித்தார். பையா, போவதாக இருந்தால் இங்கேயே ஒரு ஒத்திகை பார்த்துவிடுவோம். நான் கூப்பிடுகிறேன், நீ எடு. "ஹலோ, பைக் மறிஞ்சு கிடக்கு, ஆளுக்குத் தலையில அடி. நட்டாலம் போற வழியில, இடப்பக்கம் குளம், குருசடி தாண்டி. சீக்கிரம் வாங்க."

குழித்துறைப் பையன்

மூச்சு இருக்கிறதா? பேசுகிறாரா? ஹெல்மெட்டை இழுத்துக் கழற்ற வேண்டாம். வண்டி கிளம்பிவிட்டது, லைனில் இருங்கள்.

திங்கள்சந்தை பைலட்

எங்கே கிளம்பியது? நான் இன்னும் ஆபீஸ் வாசலில்தான் நிற்கிறேன்.

தக்கலை அக்கா

நட்டாலம் போகிற வழி என்றால் எங்கே இருந்து போகிற வழி? மார்த்தாண்டத்தில் இருந்தா, கருங்கலில் இருந்தா? இடப்பக்கம் என்பது அவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கும்போது? அதை முதலில் கேள்.

குழித்துறைப் பையன்

சார், நீங்கள் எங்கே இருந்து வந்துகொண்டிருந்தீர்கள்?

மார்த்தாண்டம் வண்டி

"நான் வரல சார், நான் இங்க கடை வச்சிருக்கேன்."

அருமனை டேப்பர்

கடை பெயரைக் கேள் தம்பி, கடை பெயரை! போர்டில் ஊர் பெயர் எழுதியிருக்கும்.